வகுப்பறைக்கான செரிமான மண்டல மாதிரி: திறக்கும் இரைப்பையும் திறவாத குடலும்

சுவரில் தொங்கும் வண்ணப் படத்தை வைத்தே பல ஆண்டுகளாகச் செரிமான மண்டலப் பாடத்தை நடத்திவந்தேன். படத்தில் எல்லா உறுப்புகளும் ஒரே தளத்தில் கிடக்கும். கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது என்று சொன்னால் மாணவர்கள் தலையாட்டுவார்கள். தேர்வில் வரையும்போது அதை இரைப்பைக்குக் கீழே தொங்கவிட்டிருப்பார்கள். பின்னால் என்பதைக் காட்டாமல் சொல்லி மட்டும் புரியவைக்க முடியாது என்று உணர்ந்ததால்தான், சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், பலகையில் பொருத்தப்பட்ட, சில பகுதிகளைக் கழற்றிப் பார்க்கக்கூடிய இந்தச் செரிமான மண்டல மாதிரியை வாங்கினோம். ஓராண்டு முழுவதும் ஐந்து வகுப்புகளின் பிள்ளைகள் அதைத் தொட்டும் கழற்றியும் பழகிய பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். பள்ளிக்கோ, செவிலியர் பயிற்சிக்கோ, வீட்டில் ஆர்வமுள்ள ஒரு பிள்ளைக்கோ இத்தகைய மாதிரி ஒன்றை வாங்க எண்ணுபவர்களுக்கு, இது எதைச் செம்மையாகக் காட்டுகிறது, எந்த இடத்தில் தவறான எண்ணத்தை மனத்தில் பதிக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்பதே என் நோக்கம்.

மாதிரி உண்மையான உடலின் அளவிலேயே இருக்கிறது. தலை நடுக்கோட்டில் வெட்டப்பட்டு, மூக்கறை, நாக்கு, தொண்டை ஆகியவை பக்கவாட்டில் தெரிகின்றன. அங்கிருந்து உணவுக்குழல் இறங்கி, இரைப்பை, கல்லீரல், கணையம், சிறுகுடல், பெருங்குடல் என்று குதம் வரை தொடர்கிறது. கெட்டியான பிளாஸ்டிக்கில் வார்த்துக் கையால் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். இரைப்பையின் முன்சுவரையும் பெருங்குடலின் குறுக்குப் பகுதியையும் தனியாகக் கழற்றலாம். இரண்டும் காந்தத்தால் ஒட்டிக்கொள்கின்றன. முன்சிறுகுடலிலும், பெருங்குடல் தொடங்கும் இடத்திலும், மலக்குடலிலும் உட்புறம் தெரியும்படி சன்னல்போல் வெட்டிவிட்டிருக்கிறார்கள். இவற்றோடு, சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு சிறு கட்டையும், எண்களுக்கு உரிய பெயர்கள் அச்சிட்ட ஓர் அட்டையும் வருகின்றன. ஓராண்டுப் புழக்கத்தில் காந்தங்கள் தளரவில்லை, வண்ணம் கல்லீரலின் ஓரத்தில் மட்டும் சற்று உதிர்ந்திருக்கிறது. பொருளின் உறுதியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

வாயும் தொண்டையும் நன்றாகவே அமைந்திருக்கின்றன. காதருகே கன்னத்தில் ஒன்று, கீழ்த்தாடையின் உட்புறம் ஒன்று, நாவின் அடியில் ஒன்று என உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்றும் அவற்றின் இடத்தில் இருக்கின்றன. இவை இடமும் வலமுமாக இணைகளாக அமைந்தவை, நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரப்பவை, அதிலுள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை வாயிலேயே உடைக்கத் தொடங்கிவிடுகிறது என்பதையெல்லாம் சுரப்பிகளைத் தொட்டுக்கொண்டே சொல்ல முடிகிறது. தொண்டையில் மூச்சுக்குழலும் உணவுக்குழலும் பிரியும் இடமும், மூச்சுக்குழலின் வாயைக் காக்கும் குரல்வளை மூடியும் மிகத் தெளிவாக இருக்கின்றன. விழுங்கும் நொடியில் குரல்வளை மேலெழுவதையும் மூச்சு தானாக நிற்பதையும் ஒவ்வொரு பிள்ளையும் தன் தொண்டையில் விரலை வைத்து உணர்ந்துவிட்டு, உடனே மாதிரியில் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் காட்சி எனக்கு அலுப்பதே இல்லை.

உணவுக்குழலில்தான் முதல் சிக்கல் எழுகிறது. மாதிரியில் அது ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள, எப்போதும் திறந்தே இருக்கும் வட்டமான குழாய். அதைப் பார்க்கும் எவருக்கும் உணவு மேலே போட்டால் கீழே விழும் என்றுதான் தோன்றும். உண்மையில் உணவு இல்லாத வேளையில் அந்தக் குழலின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தட்டையாகக் கிடக்கின்றன. ஒரு கவளம் வந்ததும் அதற்குப் பின்னால் தசை வளையம் சுருங்க, முன்னால் தளர, அந்தச் சுருக்கம் அலையாகக் கீழிறங்கி, பத்து நொடிக்குள்ளாகவே கவளத்தை இரைப்பையில் சேர்த்துவிடுகிறது. தலைகீழாக நின்றாலும் விழுங்க முடிவது இதனால்தான். இதை மாதிரியால் காட்ட முடியாது என்பது எதிர்பார்த்ததே. ஆனால் குழலை வட்டமாகத் திறந்து வார்க்காமல், வெட்டுமுகத்தில் மடிந்த சுவராகக் காட்டியிருந்தால் பாதித் தவறான எண்ணம் தோன்றாமலே போயிருக்கும். நான் ஒரு பழைய காலுறையையும் ஒரு சிறு பந்தையும் எடுத்து வைத்துக்கொள்கிறேன். பந்துக்குப் பின்னால் காலுறையைப் பிசைந்து பிசைந்து முன்னே தள்ளினால் அலையியக்கம் என்ன என்பது ஒரு நிமிடத்தில் விளங்கிவிடுகிறது.

உதரவிதானம் இந்த மாதிரியில் இல்லாதது அதைவிடப் பெரிய குறை. மார்பறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் அந்தத் தசைத்தட்டில் உள்ள ஒரு துளையின் வழியாகவே உணவுக்குழல் கீழிறங்குகிறது. குழலின் கீழ்முனையில் உள்ள சுருக்குத்தசையும், அதைச் சுற்றி இறுக்கும் உதரவிதானத்தின் இழைகளும் சேர்ந்துதான் இரைப்பையின் அமிலம் மேலேறாமல் காக்கின்றன. நெஞ்செரிச்சல் என்பது நெஞ்சில் உள்ள எந்த நோயும் அல்ல, இந்த வாசல் சரியாக மூடாததால் அமிலம் உணவுக்குழலைத் தொடுவதே என்று சொல்லும்போது, சுட்டிக்காட்ட ஒரு தட்டு இருந்திருக்க வேண்டும். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு போதும். அதற்கு எவ்வளவு செலவாகியிருக்கப் போகிறது?

இரைப்பைக்கு வருகிறேன். இந்த மாதிரியை வாங்கியது வீணாகவில்லை என்று சொல்லவைக்கும் இரண்டு இடங்களில் இது முதலாவது. நம் பேச்சில் வயிறு என்ற ஒரே சொல் தொப்புளைச் சுற்றிய பகுதி முழுவதையும், உணவு போய்ச் சேரும் பையையும் சேர்த்தே குறிப்பதால், இரைப்பை எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரியவர்கள்கூடத் தொப்புளின் மீதே கையை வைப்பார்கள். மாதிரியோ அதை உள்ளபடி இடப்பக்கத்தில், விலா எலும்புகள் மறைக்கும் உயரத்தில், உதரவிதானம் இருக்க வேண்டிய இடத்துக்கு நேர் கீழே வைத்துக் காட்டுகிறது. முன்சுவரைக் கழற்றினால் உட்புறத்தின் மடிப்புகள் தெரிகின்றன. இந்த மடிப்புகள் விரிவதனால்தான், வெறுமையாக இருக்கும்போது கைக்குள் அடங்கும் ஒரு பை, உணவுக்குப் பின் 1 லிட்டருக்கு மேலும் கொள்ளுமளவு பெருக்கிறது. சுவரின் ஒரு மூலையில் தசைப்படலங்களை அடுக்கடுக்காக உரித்துக் காட்டியிருக்கிறார்கள். உணவுப்பாதையின் மற்றப் பகுதிகளில் தசை நீளவாட்டிலும் வட்டவாட்டிலும் என இரண்டு அடுக்காக இருக்க, இரைப்பைக்கு மட்டும் சாய்வாட்டில் ஓடும் மூன்றாவது அடுக்கு ஒன்று உண்டு. நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று முறை எழும் சுருக்க அலைகள் உணவைப் பிசைந்து, கீழ்முனைக் கதவின் மேல் மோதவிட்டு, மீண்டும் பின்னால் தள்ளி அரைப்பதற்கு இந்த அமைப்பே உதவுகிறது. மூன்று அடுக்குகளையும் வேறுவேறு நிறத்தில் தீட்டியிருப்பதால், கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளைக்கும் வேறுபாடு தெரிகிறது.

இரைப்பையின் முன்சுவரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் நான் தவறாமல் ஒரு வரலாற்றைச் சொல்வேன். 1822இல், அமெரிக்காவின் மாக்கினாக் தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளம் தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. படை மருத்துவர் வில்லியம் போமான்ட் அவரைக் காப்பாற்றிவிட்டார். ஆனால் காயம் முழுதாக மூடாமல், இரைப்பைக்குள் நேராகப் பார்க்கும்படி ஒரு துளை நிலைத்துவிட்டது. உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளை வழியே இறக்குவது, குறித்த நேரத்துக்குப் பின் இழுத்துப் பார்ப்பது, இரைப்பை நீரை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் உணவோடு சேர்த்து வெதுவெதுப்பாக வைப்பது என்று 200க்கும் மேற்பட்ட சோதனைகளைப் போமான்ட் செய்து, 1833இல் நூலாக வெளியிட்டார். உடலுக்கு வெளியே குடுவையிலும் உணவு கரைந்ததைக் கண்டபோது, செரிமானம் வெறும் அரைத்தல் அல்ல, அதில் வேதிவினை இருக்கிறது என்பது கண்கூடாயிற்று. ஒரு மனிதரின் ஆறாத புண்ணிலிருந்து பிறந்த அறிவு இது என்பதையும், அந்தச் சோதனைகளுக்கு உட்பட்டவர் வறியவர், படிப்பறிவு இல்லாதவர், மருத்துவரை நம்பியே வாழ வேண்டியிருந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பிளாஸ்டிக் முன்சுவரைக் காந்தத்திலிருந்து பிரித்து எடுக்கும் வேளையில் இதைச் சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது.

அமிலத்தைப் பற்றிய கேள்வி அதற்கடுத்து வந்தே தீரும்: இரைப்பை ஏன் தன்னைத் தானே செரித்துவிடுவதில்லை? இரைப்பை நீரின் கார அமிலத்தன்மைக் குறியீடு (pH) ஏறத்தாழ 1.5 முதல் 2 வரை இறங்கக்கூடியது, தசையும் புரதமே. இதற்கான விடையை மாதிரியால் காட்ட முடியாது, ஆனால் அட்டையிலாவது குறிப்பிட்டிருக்கலாம். புரதத்தை வெட்டும் பெப்சின், செயலற்ற பெப்சினோஜனாகவே சுரக்கப்பட்டு, அமிலத்தைச் சந்தித்த பிறகே விழித்துக்கொள்கிறது. சுவரின் உட்பரப்பை ஒரு சளிப்படலம் போர்த்தியிருக்க, அதற்குள் சுரக்கும் பைகார்பனேட் அமிலத்தை அந்த மெல்லிய இடத்திலேயே நடுநிலையாக்குகிறது. அதையும் மீறிச் சிதையும் மேற்பரப்புச் செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை புதிதாக மாற்றப்படுகின்றன. இந்தக் காப்பு உடையும்போது புண் உண்டாகிறது. அதற்குப் பெரும்பாலும் மன அழுத்தமும் காரமான உணவும்தான் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டுவந்த நிலையில், பல புண்களுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை 1982இல் வளர்த்தெடுத்துக் காட்டிய பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இரண்டாவது சிறந்த இடம் முன்சிறுகுடலின் சன்னல். என் பார்வையில், இந்த மாதிரியை வடிவமைத்தவர் உண்மையிலேயே யோசித்துச் செய்தது இதுதான். ஆங்கிலத்தின் சி எழுத்தைப் போல வளைந்து, கணையத்தின் தலையைத் தழுவிக்கொண்டு கிடக்கும் அந்த 25 சென்டிமீட்டர்க் குடலின் சுவரை வெட்டி, உள்ளே ஒரு சிறு முகட்டைக் காட்டியிருக்கிறார்கள். கல்லீரலிலிருந்தும் பித்தப்பையிலிருந்தும் வரும் பச்சைக் குழலும், கணையத்தின் உள்ளே நீளவாட்டில் ஓடும் வெளிர்மஞ்சள் குழலும் சேர்ந்து அந்த முகட்டில் திறக்கின்றன. கல்லீரலை அதன் அடிப்புறம் தெரியும்படி சற்றே தூக்கி வார்த்திருப்பதால், பித்தப்பையிலிருந்து குழலைக் கண்ணால் பின்தொடர்ந்தே போகலாம். பித்தம் சுரப்பது கல்லீரல், பித்தப்பை அதைச் சேமித்து நீரை உறிஞ்சிச் செறிவாக்கும் ஒரு கிடங்கு மட்டுமே என்ற வேறுபாடு, எத்தனை முறை சொல்லியும் மனத்தில் நிற்காதது, குழலை விரலால் தடவிப் பார்த்த பிறகு நின்றுவிட்டது. பித்தப்பைக் கல் ஒன்று நகர்ந்து வந்து அந்தப் பொதுவாயை அடைத்துக்கொண்டால் ஏன் கணையமும் வீங்கி வலியெடுக்கிறது என்பதை ஒரு மாணவி தானாகவே கண்டுபிடித்துச் சொன்னாள். படத்தை வைத்து நடத்திய ஆண்டுகளில் இது ஒருமுறையும் நிகழ்ந்ததில்லை.

ஆனால் இந்தக் குழல்கள் எப்போதும் ஒழுகிக்கொண்டிருப்பவை என்ற எண்ணம் தோன்றிவிடக் கூடாது. இரைப்பையிலிருந்து அமிலம் கலந்த பாகு சிறிது சிறிதாக முன்சிறுகுடலில் விழும்போது, அந்தக் குடலின் சுவரே செக்ரிட்டின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது கணையத்தைச் சென்றடைந்து, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் நிறைந்த நீரைச் சுரக்கச் செய்கிறது. கொழுப்பும் புரதமும் வந்தால் கோலிசிஸ்டோகைனின் என்ற மற்றொரு ஹார்மோன் புறப்பட்டு, பித்தப்பையைச் சுருங்கவைத்து, அந்த முகட்டின் சுருக்குத்தசையைத் தளர்த்தி, கணையத்தின் நொதிகளையும் வரவழைக்கிறது. கூடவே இரைப்பையின் வேகத்தையும் குறைக்கிறது. வேலை முடியும்வரை அடுத்த பங்கை அனுப்பாதே என்று குடல் இரைப்பைக்குச் சொல்லும் செய்தி அது. கொழுப்பு மிகுந்த உணவு நெடுநேரம் கனமாக இருப்பதன் காரணமும் இதுவே. லண்டனில் 1902இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற உடலியங்கியல் அறிஞர்கள் இருவரும், நரம்புத் தொடர்பைத் துண்டித்த பிறகும் முன்சிறுகுடலில் அமிலம் பட்டால் கணையம் சுரப்பதைக் கண்டு செக்ரிட்டினை வெளிப்படுத்தினார்கள். ஹார்மோன் என்ற சொல்லே அதற்குப் பின், 1905இல்தான் புழக்கத்துக்கு வந்தது. உடலின் ஒரு பெரிய தகவல் முறையை உலகம் அறிந்துகொண்டது இந்த வளைந்த குடலிலிருந்துதான் என்பதை, மாதிரியோடு வந்த அட்டை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. குழல்களை இவ்வளவு அழகாகக் காட்டியவர்கள், அவற்றை யார் திறக்கிறார்கள் என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.

அட்டையைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் அதன் பிழைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் பெயர்ப்பட்டியலில் கணையத்தின் எண்ணுக்கு எதிரே மண்ணீரல் என்று அச்சாகியிருக்கிறது. மண்ணீரல் செரிமானத்தில் பங்குகொள்ளும் உறுப்பே அல்ல. அது இரத்தத்தோடும் நோயெதிர்ப்போடும் தொடர்புடையது. இரண்டு பெயர்களையும் ஏற்கெனவே குழப்பிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அச்சிட்ட சான்றே கிடைத்துவிட்டது. விற்றவர்களுக்கு இருமுறை எழுதியும் பதில் வராததால், திருத்திய பட்டியலை நாங்களே தட்டச்சு செய்து ஒட்டியிருக்கிறோம். வாங்குபவர்கள் முதல் வேலையாக எண்களையும் பெயர்களையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறுகுடலில் இந்த மாதிரி தோற்றுவிடுகிறது. செரிமானத்தின் பெரும்பகுதியும் உட்கவர்தலின் ஏறத்தாழ முழுப்பகுதியும் நடக்கும் உறுப்பு, இங்கே ஒரே கட்டியாக வார்க்கப்பட்டுப் பலகையோடு ஒட்டிக்கிடக்கிறது. கழற்றவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. ஒரு மடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் பின்தொடரவும் முடியாது, ஏனெனில் மேலே தெரியும் வளைவுகள் அடியில் ஒன்றோடொன்று இணைந்திருக்கவில்லை. முன், நடு, பின் என்ற மூன்று பகுதிகளில் முதலாவதைத் தவிர மற்ற இரண்டுக்கும் நிறத்திலும் வேறுபாடு இல்லை. அட்டை சிறுகுடலின் நீளத்தை 7 மீட்டர் என்கிறது. இறந்த உடலில் தசைகள் தளர்ந்த பிறகு அளந்தால் 6 முதல் 7 மீட்டர் வரை நீளும் என்பது உண்மை. உயிருள்ள உடலில் தசையின் இறுக்கத்தால் அது அதைவிடக் கணிசமாகக் குறைவு. நான் 6 மீட்டர் சணல் கயிறு ஒன்றை வாங்கி வகுப்பறையின் குறுக்கே இழுத்துக் கட்டி, பிறகு அதைப் பிள்ளைகளையே அள்ளிச் சுருட்டி இரு உள்ளங்கைகளுக்குள் அடக்கச் சொல்வேன். சுருட்டியதும் சிக்கிக்கொள்ளும். நம் குடல் ஏன் அப்படிச் சிக்கிக்கொள்வதில்லை என்று கேட்கும்போதுதான் குடலைத் தாங்கும் மடிப்பின் அருமை விளங்கும்: விசிறியின் ஓரத்தில் குடலைத் தைத்ததுபோல, பின்சுவரிலிருந்து விரிந்து வரும் அந்தப் படலம் குடலை அசையவும் விடுகிறது, முடிச்சு விழாமலும் காக்கிறது, குடலுக்கான இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் நரம்புகளும் அதன் வழியேதான் வந்துபோகின்றன. மாதிரியில் அதற்கு அடையாளமே இல்லை.

இரத்தக் குழாய்கள் அறவே விடுபட்டிருப்பதால், உணவு இறுதியில் எங்கே போகிறது என்ற கேள்விக்கு மாதிரி தரும் விடை மலக்குடல் என்பதாக ஆகிவிடுகிறது. என்னை மிகவும் வருத்தும் குறை இதுவே. சர்க்கரையாகவும் அமினோ அமிலமாகவும் உடைந்த சத்துகள் குடலுறிஞ்சிகளின் நுண்குழாய்களில் நுழைந்து, வாயிற்சிரை என்ற ஒரே பெரும் சிரையில் திரண்டு, இதயத்துக்குப் போகும் முன் கல்லீரலுக்குப் போகின்றன. உறிஞ்சப்பட்டதை முதலில் சோதித்து, சேமிக்க வேண்டியதைச் சேமித்து, நஞ்சை முறித்து அனுப்பும் இடம் அது. கொழுப்போ வேறு வழியில் செல்கிறது: பித்த உப்புகள் அதை நுண்துளிகளாகச் சிதறடித்து, கணையத்தின் லிபேஸ் என்ற நொதி அதை உடைத்து, குடல்செல்லுக்குள் அது மீண்டும் கோக்கப்பட்டு, நிணநீர்க் குழாயில் ஏறி, மார்பின் வழியாக மேலே சென்று, இடத் தோள் அருகே ஒரு சிரையில் கலக்கிறது. கல்லீரலும் குடலும் ஒரே மாதிரியில் அருகருகே இருந்தும், அவற்றை இணைக்கும் ஒரு நீலக் கோடு இல்லை என்பதால், கல்லீரல் எதற்காக அவ்வளவு பெரிதாக, ஏறத்தாழ 1.5 கிலோ எடையோடு, அந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பது மாணவர்களுக்குப் புதிராகவே நின்றுவிடுகிறது.

உடன் வரும் குடலுறிஞ்சிக் கட்டை இந்தக் குறையில் ஒரு பகுதியை ஈடுசெய்கிறது. விரல்போல எழுந்து நிற்கும் ஆறு உறிஞ்சிகளில் ஒன்றை நடுவில் பிளந்து, உள்ளே சிவப்பும் நீலமுமான நுண்குழாய் வலையையும், நடுவே வெளிர்நிற நிணநீர்க் குழாயையும் காட்டியிருக்கிறார்கள். உண்மையில் ஓர் உறிஞ்சியின் உயரம் 1 மில்லிமீட்டருக்கு உட்பட்டதே என்பதை மட்டும் பிள்ளைகளுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த உறிஞ்சியின் மேல் உள்ள ஒவ்வொரு செல்லும் தன் பங்குக்கு ஆயிரக்கணக்கான நுண்விரல்களைக் கொண்டிருக்கிறது. வட்ட மடிப்புகள், உறிஞ்சிகள், நுண்விரல்கள் என மூன்று படிகளில் பரப்பு பெருகுகிறது. அட்டை, இந்தப் பரப்பு ஒரு டென்னிஸ் மைதானத்துக்குச் சமம் என்கிறது. பல பாடநூல்களிலும் இருந்த கணக்குத்தான் இது, நானும் பல ஆண்டுகள் அப்படியே சொல்லியிருக்கிறேன். ஆனால் 2014இல் சுவீடனின் ஆய்வாளர்கள் ஹெலாண்டரும் ஃபேன்ட்ரிக்ஸும் நுண்ணோக்கி அளவீடுகளைக் கொண்டு மறுகணக்கிட்டு, செரிமானப் பாதையின் உட்பரப்பு சராசரியாக 32 சதுர மீட்டர் அளவுதான் என்று காட்டினார்கள். டென்னிஸ் மைதானமோ 260 சதுர மீட்டர். ஓர் உடலுக்குள் 32 சதுர மீட்டர் மடித்து வைக்கப்பட்டிருப்பதே போதுமான வியப்பு. மிகைப்படுத்தத் தேவையில்லை.

பெருங்குடலைக் குறைந்த சொற்களில் முடித்துவிடலாம், ஏனெனில் மாதிரி அதைக் குறையில்லாமல் காட்டுகிறது. வலப்பக்கம் கீழே தொடங்கி, மேலேறி, குறுக்கே போய், இடப்பக்கம் இறங்கும் ஏறத்தாழ 1.5 மீட்டர்ச் சட்டகம். அதன் பைபோன்ற புடைப்புகள். தொடக்கத்தில் சிறுகுடல் நுழையும் இடத்தில் உள்ள ஒருவழிக் கதவு. அதனடியில் தொங்கும் குடல்வால், எல்லாம் இருக்கின்றன. குறுக்குப் பகுதியைக் கழற்றினால்தான் பின்னால் முன்சிறுகுடலும் கணையமும் முழுதாகத் தெரிகின்றன. எனவே பாடத்தின் தொடக்கத்திலேயே அதைக் கழற்றி வைத்துவிடாமல், பிள்ளைகள் தாங்களாகத் தேடும்வரை பொறுத்திருப்பது நல்லது. மலக்குடலின் சன்னலில், தானாக இயங்கும் உள் சுருக்குத்தசையும் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படும் வெளிச் சுருக்குத்தசையும் தனித்தனியாகத் தெரிவது பாராட்டத்தக்கது. விழுங்கியதிலிருந்து நம் கட்டுப்பாட்டை விட்டுச் சென்ற ஒன்று, கடைசி இரண்டு சென்டிமீட்டரில்தான் மறுபடியும் நம் விருப்பத்துக்கு உட்படுகிறது.

பெருங்குடல் கழிவை வெளியேற்றும் குழாய் மட்டுமே என்ற எண்ணத்தை மாற்ற, நீர்க்கணக்கு ஒன்றைப் பலகையில் எழுதுவேன். நாம் குடிப்பதும் உண்பதும் சேர்ந்து நாளுக்கு ஏறத்தாழ 2 லிட்டர். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் நீர் என்று உடல் தானே குடலுக்குள் ஊற்றுவது 7 லிட்டர். மொத்தம் 9 லிட்டரில் பெரும்பகுதியைச் சிறுகுடல் திரும்ப எடுத்துக்கொள்ள, 1 முதல் 2 லிட்டர் வரை பெருங்குடலுக்கு வருகிறது. மலத்தில் வெளியேறுவது 100 முதல் 200 மில்லிலிட்டர் மட்டுமே. வயிற்றுப்போக்கு ஒரு குழந்தையின் உயிரை ஏன் இவ்வளவு விரைவாக அச்சுறுத்துகிறது என்பது இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் புரியும். பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள், நம் நொதிகளால் உடைக்க முடியாத நார்ச்சத்தை நொதிக்கவைத்து, அங்குள்ள செல்களுக்கே உணவாகும் சிறு கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. உடலின் செல்களைப்போல் பத்து மடங்கு பாக்டீரியாக்கள் என்று அட்டை சொல்வதும் பழைய கணக்கே. 2016இல் வெளிவந்த மறுமதிப்பீட்டின்படி பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 38 லட்சம் கோடி, உடற்செல்கள் 30 லட்சம் கோடி. கிட்டத்தட்டச் சரிக்குச் சரி.

நரம்புகளும் மாதிரியில் இல்லை. அவற்றைக் காட்டுவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். குடல் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே வலையாகப் பரந்திருக்கும் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்புச் செல்களை வண்ணத்தால் தீட்டிவிட முடியாது. என்றாலும் பசிக்கும்போது வயிறு ஏன் இரைகிறது என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது கேட்பார். உணவில்லாத வேளையில் ஏறத்தாழ ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரைப்பையில் தொடங்கிச் சிறுகுடலின் கடைசிவரை ஒரு வலுவான சுருக்க அலை ஓடி, மிச்சம்மீதியையும் பாக்டீரியாக்களையும் கூட்டித் தள்ளிவிட்டுப் போகிறது. அந்த அலை காற்றையும் நீரையும் உருட்டும் ஓசையே நாம் கேட்பது. அதைக் கேட்ட பிள்ளைகள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

ஆகவே, உறுப்புகளின் இடத்தையும் முன்பின் அமைப்பையும், குறிப்பாக இரைப்பையின் உட்புறத்தையும் பித்தக்குழலும் கணையக்குழலும் கூடும் வாயையும் கற்பிக்க விரும்புபவர்கள் இந்த மாதிரியைத் தயங்காமல் வாங்கலாம். பள்ளியில் ஏற்கெனவே உறுப்புகளைக் கழற்றக்கூடிய முழு உடற்பகுதி மாதிரி இருந்தால் இது தேவையில்லை. அதில் உதரவிதானம் இருக்க வாய்ப்புண்டு. வீட்டில் ஒரு பிள்ளைக்கென்று வாங்க நினைப்பவர்கள், குடலுறிஞ்சிக் கட்டை தனியாகக் கிடைத்தால் முதலில் அதை மட்டும் வாங்கிப் பாருங்கள். தயாரிப்பாளர்கள் அடுத்த பதிப்பில் சிறுகுடலை மென்மையான, பிரித்து நீட்டக்கூடிய பொருளில் செய்து, அதைத் தாங்கும் மடிப்பையும் வாயிற்சிரையையும் சேர்த்தால், இப்போதுள்ளதை ஒதுக்கிவிட்டுப் புதியதை வாங்கப் பள்ளியிடம் நானே பரிந்துரைப்பேன். அதுவரை, 6 மீட்டர் சணல் கயிற்றை எட்டாகச் சுற்றிப் பலகையின் பின்புறம் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம். மாதிரி எந்த வகுப்புக்குப் போனாலும் கயிறும் கூடவே போகிறது.